சனி, ஞாயிறு மழை வருமா? வானிலை அறிக்கையைப் படிக்கிற விதம்

(எபிசோடோட எழுத்து வடிவம் இது. பேசும்போது வந்த தடுமாற்றங்களை எடுத்தாச்சு. எண்களைச் சரிபார்த்துச் சேர்த்திருக்கேன்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு களம் முந்திரிக்கொட்டையில இருந்து ஆரம்பிக்குது.

ஒரு மே மாசம், சனிக்கிழமை. ஊருக்கு, அதாவது உடையார்பாளையத்துக்குப் போயிருந்தேன். சித்தி வீட்டுக்கு முந்திரிக்கொல்லை இருக்கு. சீசன் முடியற நேரம். கடைசியாப் பொறுக்கின கொட்டை எல்லாம் களத்துல காயுது. சித்தியும் சித்தப்பாவும் ஆண்டிமடத்துல ஒரு விசேஷத்துக்குக் கிளம்பிட்டு இருந்தாங்க. "தம்பி, மழை கிழை வருமா, பாத்துச் சொல்லு"ன்னாங்க சித்தி. ஃபோனை எடுத்தேன். ஏதோ ஒரு ஆப். ஊர் பேரைப் போட்டா, சனிக்கிழமைக்கு நேரா முழு சூரியன், பக்கத்துல 38 டிகிரி. "வராது சித்தி, தைரியமாப் போயிட்டு வாங்க"ன்னு சொல்லிட்டேன். கம்ப்யூட்டர் படிச்ச பையன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அவங்களும் போயிட்டாங்க.

நாலரை மணிக்கு மேக்க கருக்க ஆரம்பிச்சது. அஞ்சு மணிக்கு செம்மண்ணைத் தூக்கி அடிக்கிற காத்து. நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் படுதாவைத் தேடி எடுத்துட்டு ஓடுறதுக்குள்ள பாதிக் கொட்டை நனைஞ்சு போச்சு. முக்கால் மணி நேரம் வெளுத்து வாங்கிட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி நின்னுடுச்சு. நனைஞ்ச கொட்டையை மறுபடி காயவெச்சாலும் நிறம் போயிடும். வியாபாரி கையில எடுத்துப் பார்த்ததும் விலையைக் குறைப்பார். ராத்திரி வந்த சித்தி திட்டல. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல. "ஜெயங்கொண்டத்துல ரோடே நனையலடா" அப்படின்னு மட்டும் சொன்னாங்க. அவங்க பஸ்ஸு வந்த வழி அது. பத்து கிலோமீட்டர்கூட இருக்காது.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தோட அறிக்கையைத் திறந்து பார்த்தேன். தமிழ்நாட்டில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை பெய்யக்கூடும்னு தெளிவாப் போட்டிருந்தான். நான் அதைப் படிக்கவே இல்ல, சூரியன் படத்தைப் பார்த்துட்டு தீர்ப்பு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் ஒரு வருஷமா இந்த அறிக்கைகளை எப்படிப் படிக்கணும்னு தோண்டிக்கிட்டு இருக்கேன். அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம். நான் வானிலை நிபுணர் கிடையாது. டேட்டாவோட வேலை செய்யற ஒரு இன்ஜினியர், அவ்வளவுதான்.

ஓரிரு இடம்னா எத்தனை இடம்?

மேல இருந்து ஆரம்பிப்போம். இந்திய வானிலை ஆய்வுத் துறை நாடு முழுசுக்கும் ஒரு அறிக்கை விடுது. டெல்லியில இருந்து ஒரு நாளைக்கு நாலு தடவை. "இந்த வார இறுதியில் எங்கெல்லாம் மழை" அப்படின்னு டிவியில ஓடுற செய்திக்கு மூலம் பெரும்பாலும் அதுதான். அந்த அறிக்கையில இந்தியா 36 வானிலை உட்பிரிவுகளாப் பிரிஞ்சு கிடக்கு. அதுல ஒரு உட்பிரிவு "தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால்". புரியுதா? ஊட்டியும் ராமேஸ்வரமும் நம்ம உடையார்பாளையமும் ஒரே டப்பா. அந்த டப்பாவுக்கு மழை வாய்ப்புன்னு படிச்சிட்டு நம்ம களத்தைப் பத்தி முடிவெடுத்தா, அது நம்ம தப்பு.

அதனாலதான் அந்த டப்பாவுக்குள்ள எவ்வளவு பரப்புன்னு சொல்றதுக்குத் தனியா வார்த்தைகள் வெச்சிருக்காங்க. நாம கேட்டுக் கேட்டுப் பழகி, காதுலயே விழாம போன வார்த்தைகள். "ஓரிரு இடங்களில்"னா, அந்தப் பகுதியில இருக்கிற மழைமானிகள்ல 25 சதவீதம் வரைக்கும் மழை பதிவாகும்னு அர்த்தம். "ஒரு சில இடங்களில்"னா 26-ல இருந்து 50 சதவீதம். "பல இடங்களில்"னா 51-ல இருந்து 75. அதுக்கு மேல போனா "பெரும்பாலான" இல்லன்னா "அநேக" இடங்களில். பதிவாகுறதுன்னா சும்மா தூறல் இல்ல, குறைஞ்சது 2.5 மில்லிமீட்டர் விழணும்.

இது ரேடியோவுல வழக்கமா வர்ற மங்கலான பேச்சுன்னுதான் நான் இத்தனை வருஷமா நினைச்சிட்டு இருந்தேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் பின்னாடி ஒரு வரையறை இருக்கு, கோடுல நாம எழுதுற கான்ஸ்டன்ட் மாதிரி. "ஓரிரு இடங்களில் மழை"ங்கிற வாக்கியம், முக்கால்வாசி இடம் காய்ஞ்சே கிடக்கும்னும் சேர்த்துத்தான் சொல்லுது. அந்த சனிக்கிழமை உடையார்பாளையம் அந்த ஓரிரு இடத்துல ஒண்ணு. ஜெயங்கொண்டம் மீதி முக்கால்வாசியில ஒண்ணு. அறிக்கை ரெண்டு ஊருக்கும் சரியாத்தான் இருந்துச்சு.

இதே மாதிரி மழையோட அளவுக்கும். வானிலை அறிக்கையில "கனமழை"ன்னா 24 மணி நேரத்துல 7-ல இருந்து 11 சென்டிமீட்டர். "மிக கனமழை" 12-ல இருந்து 20. "அதி கனமழை" 21-ம் அதுக்கு மேலயும். ஒரு சென்டிமீட்டர் மழைன்னா என்னன்னு கேக்குறவங்களுக்கு: ஒரு சதுர மீட்டர் தரையில 10 லிட்டர் தண்ணி. ஒரு ஏக்கர் கொல்லையில 1 செ.மீ. பெஞ்சா ஏறக்குறைய 40 ஆயிரம் லிட்டர். தண்ணி லாரி கணக்குல யோசிச்சுப் பாருங்க.

அப்புறம் இந்த 24 மணி நேரம்ங்கிறது எது? இங்கதான் பாதிப் பேர் தடுக்கி விழறோம். வானிலைத் துறைக்கு நாள் பிறக்கிறது காலை 8:30 மணிக்கு. இன்னைக்குக் காலை 8:30-ல இருந்து நாளைக்குக் காலை 8:30 வரைக்கும் பெஞ்ச மழை நாளைய தேதியில பதிவாகும். சனிக்கிழமை சாயந்திரம் பெஞ்ச மழை, ஞாயித்துக்கிழமை மழை அளவுப் பட்டியல்ல வரும். காலையில வர்ற அந்தப் பட்டியல்ல ஜெயங்கொண்டம், செந்துறை, திருமானூர், சித்தமல்லி அணைன்னு நம்ம மாவட்டப் பெயர்கள் இருக்கும். "ஞாயித்துக்கிழமை இங்க ஒரு சொட்டு விழல, இவன் 4 சென்டிமீட்டர்னு போட்டிருக்கான்"னு எங்க ஊர் டீக்கடையில ஒருத்தர் சண்டை போட்டதை நானே பார்த்திருக்கேன். அவரும் சரி, பட்டியலும் சரி.

ஆப் ஏன் சூரியனைக் காட்டுச்சு

இது எங்க தொழில் சம்பந்தப்பட்டதுங்கிறதால கொஞ்சம் விளக்கமாச் சொல்றேன்.

வானிலை மாடல்னா, பூமியை ஒரு பெரிய கிரிட்டா, கட்டம் கட்டமாப் பிரிச்சு, ஒவ்வொரு கட்டத்துக்கும் காத்து, ஈரம், வெப்பம், அழுத்தம்னு எண்களை வெச்சு, இயற்பியல் சமன்பாடுகளை வெச்சு அடுத்த நிமிஷம், அடுத்த மணி, அடுத்த நாள்னு தள்ளிக்கிட்டே போறது. கட்டம் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நுணுக்கம். கட்டத்தோட நீள அகலத்தைப் பாதியாக்கினா கட்டங்கள் நாலு மடங்கு ஆகும், நேரத்தையும் சின்னச் சின்னத் துண்டா வெட்டணும். அதனால செலவு எட்டு மடங்கு. இதுக்குத்தான் சூப்பர் கம்ப்யூட்டர். 2024 செப்டம்பர்ல புனேயில "அர்கா", நொய்டாவுல "அருணிகா"ன்னு ரெண்டு சூப்பர் கம்ப்யூட்டரைத் தொடங்கி வெச்சாங்க. 2025 மே 26-ம் தேதி "பாரத் ஃபோர்காஸ்ட் சிஸ்டம்" வந்தது. புனே இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் செஞ்சது. அதுவரைக்கும் 12 கி.மீ.யா இருந்த கட்டம் 6 கி.மீ. ஆச்சு.

6 கி.மீ. கட்டம்னா 6 கி.மீ. அகலமான மேகம் அதுல தெரியும்னு நினைக்காதீங்க. ஒரு ஃபோட்டோவுல ஒருத்தர் மூஞ்சி ஒரே ஒரு பிக்சல்னா, அது யாருன்னு தெரியுமா? ஒரு உருவம் தெரியணும்னா பல பிக்சல் வேணும். மாடல்லயும் அப்படித்தான், ஒரு விஷயத்தை ஒழுங்காப் பிடிக்கணும்னா அஞ்சாறு கட்டமாவது வேணும். கோடைக்கால இடிமேகமோ சில கிலோமீட்டர் அகலம்தான். பிறந்து, வளர்ந்து, கொட்டித் தீர்த்துட்டுச் செத்துப்போறது எல்லாமே ஒரு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும். அது உடையார்பாளையம் மேல பிறக்குமா, தா.பழூர் மேல பிறக்குமான்னு ரெண்டு நாள் முன்னாடி எந்த மாடலாலயும் சொல்ல முடியாது. "அந்தப் பக்கம் அன்னைக்குச் சாயந்திரம் இடிமேகம் கிளம்ப எல்லாம் கூடி வந்திருக்கு"ன்னு வேணும்னா சொல்லும். அதோட மொழிபெயர்ப்புதான் "ஓரிரு இடங்களில்".

ஆப் என்ன பண்ணுது? ஏதோ ஒரு உலக மாடலோட எண்களை எடுத்து, உங்க ஊரோட அட்சரேகை, தீர்க்கரேகைக்கு நடுவுல பொருத்தி, நாள் முழுசுக்கும் சேர்த்து ஒரே ஒரு படமாச் சுருக்கிடுது. காலையில இருந்து நாலரை வரைக்கும் வெயில், முக்கால் மணி நேரம் மழை. அந்த நாளுக்கு என்ன படம் போடுவீங்க? நான் அந்த ஆப்பை எழுதியிருந்தாலும் சூரியனைத்தான் போட்டிருப்பேன். ஊர் பேர் போட்டுக் காட்டுறதால அந்த ஊருக்குன்னே யாரோ பார்த்துச் சொன்ன மாதிரி நமக்குத் தோணுது, அதுதான் ஆபத்து. 2024 அக்டோபர் 24-ல இருந்து கிராம ஊராட்சி அளவுலயே முன்னறிவிப்பு வருது. நல்ல முயற்சிதான், மறுக்கல. ஆனா ஊராட்சி பேர் திரையில வந்ததாலேயே கட்டம் சின்னதாயிடாது.

ரெண்டு நாள் முன்னாடியே ஏன் முடியாதுங்கிறதுக்கு ஒரு பழைய கதை இருக்கு, டெவலப்பர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். 1961-ல எட்வர்ட் லாரன்ஸ்ங்கிற வானிலையியலாளர் ஒரு சின்ன மாடலைக் கம்ப்யூட்டர்ல ஓட்டிட்டு இருந்தார். ஒரு ஓட்டத்தைப் பாதியில இருந்து மறுபடி பார்க்கணும்னு, பிரிண்ட் எடுத்த தாள்ல இருந்த எண்ணை உள்ள போட்டார். மெஷினுக்குள்ள இருந்தது 0.506127. தாள்ல இருந்தது 0.506. இந்தத் துளி வித்தியாசத்துல கொஞ்ச நேரத்துல முழுக்க வேற வானிலை வந்து நின்னுச்சு. நம்ம கிட்ட இருக்கிற அளவுகள் அந்தத் தாளைவிட மோசம். வங்காள விரிகுடா மேல எத்தனை மழைமானி இருக்கும், சொல்லுங்க? அதனால இப்ப ஒரே மாடலை ஆரம்ப எண்களைக் கொஞ்சம் கொஞ்சம் மாத்தி பல தடவை ஓட்டி, எத்தனை ஓட்டத்துல மழை வருதுன்னு எண்ணிப் பார்க்குறாங்க. 60 சதவீதம் வாய்ப்புங்கிற பேச்சு அங்க இருந்து வருது. 60 சதவீத நேரம் பெய்யும்னோ, 60 சதவீத பலத்தோட பெய்யும்னோ அதுக்கு அர்த்தம் இல்ல.

ஃபெஞ்சல் வந்த வார இறுதி

இதுவரைக்கும் ஒரு சின்ன மேகம், ஒரு சின்னக் களம். இப்ப பெரிய உதாரணம். 2024 நவம்பர் 30, சனிக்கிழமை.

அந்த வாரம் முழுக்க வங்கக்கடல்ல ஒரு தாழ்வு மண்டலம். அது புயலா மாறுமா, மாறாதான்னு கணிப்பு நடுவுல மாறிக்கிட்டே இருந்துச்சு. கடைசியில வெள்ளிக்கிழமை, 29-ம் தேதி பிற்பகல்ல புயல்னு அறிவிச்சாங்க. பேர் ஃபெஞ்சல், சவூதி அரேபியா கொடுத்த பேர். "இவனுங்க தினம் ஒண்ணு சொல்றானுங்க"ன்னு எங்க ரூம்ல எல்லாரும் சிரிச்சிட்டு இருந்தோம். நானும்தான். இப்ப யோசிச்சா, புயலா இல்லையாங்கிறது காத்தோட வேகத்தைப் பொறுத்து வைக்கிற பேர்தான். மழை அந்தப் பேருக்காகக் காத்திருக்காது. நாங்க பேரைப் பார்த்துட்டு இருந்தோம், மழை எங்க பெய்யப் போகுதுங்கிறதை விட்டுட்டோம்.

சனிக்கிழமை ராத்திரி புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துச்சு. கரையைக் கடந்தா முடிஞ்சுதுன்னுதான் நம்ம எல்லார் மனசுலயும் பதிஞ்சிருக்கு. டிவியிலயும் கரையைக் கடக்குற வரைக்கும்தான் லைவ். ஃபெஞ்சல் கடந்துட்டு மணிக்கணக்கா நகராம அங்கேயே நின்னுடுச்சு. ஞாயித்துக்கிழமை காலை 8:30 கணக்குல விழுப்புரம் மாவட்டம் மயிலத்துலயும் புதுச்சேரியிலயும் 50 செ.மீ.யை ஒட்டி மழை. அதி கனமழைன்னு சொல்ல 21 செ.மீ. போதும்னு முன்னாடி சொன்னேன் இல்ல, அதுல ரெண்டு மடங்குக்கும் மேல.

கதை அங்க முடியல. மிச்சம் மீதி ஈரத்தோட அது மேற்க உள்நாட்டுக்குள்ள போச்சு. ஞாயிறு ராத்திரி கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில 50 செ.மீ. புதுச்சேரி கடற்கரையில இருந்து நேர்கோட்டுல ஏறக்குறைய 150 கி.மீ. தள்ளி இருக்கிற ஊர் அது. திருவண்ணாமலையில அதே ஞாயித்துக்கிழமை மலைச்சரிவுல ஏழு பேர் செத்துப் போனாங்க. ஊத்தங்கரைப் பக்கத்துத் தண்ணி பாம்பாறு வழியாத் தென்பெண்ணையில சேர்ந்து சாத்தனூர் அணைக்கு வந்துச்சு. திங்கட்கிழமை விடியற்காலம் அணையில இருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டாங்க. விழுப்புரம், கடலூர் பக்கம் ஆத்தங்கரை ஊர்கள்ல தண்ணி புகுந்தப்ப, அங்க பெருமழை ஓய்ஞ்சிருந்துச்சு.

வார இறுதி வானிலைங்கிறது ஞாயித்துக்கிழமையோட முடியறது இல்லன்னு எனக்கு உறைச்சது அப்பதான். மழை ஒரு நாள்ல வருது, தண்ணி இன்னொரு நாள்ல வருது.

உடையார்பாளையத்துக்காரனுக்கு இதுல நேரடியா ஒரு விஷயம் இருக்கு. நம்ம மாவட்டத்துக்கு வடக்க வெள்ளாறு, தெற்க கொள்ளிடம். ஜூலை, ஆகஸ்ட்ல நம்ம ஊர்ல வெயில் மண்டையைப் பிளக்கும். அப்ப நாடு தழுவின அறிக்கையில "கேரளா, கர்நாடகாவில் அதி கனமழை"ன்னு வந்தா, நமக்கென்னன்னு சேனலை மாத்திடுவோம். 2024 ஜூலை கடைசியில அப்படித்தான் வந்துச்சு. ஜூலை 30 விடியற்காலம் வயநாட்டுல அந்த நிலச்சரிவு. அதே வாரம் குடகு, வயநாடு மலையில பெஞ்ச மழை காவிரியிலயும் கபினியிலயும் இறங்கி, அதே 30-ம் தேதி மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டுச்சு. உபரித் தண்ணி முக்கொம்பு வந்து, அங்க இருந்து கொள்ளிடத்துல இறங்கிச்சு. திருமானூர், தா.பழூர், அணைக்கரைன்னு கொள்ளிடக் கரை ஓரமா இருக்கிறவங்களுக்கு, ஒரு சொட்டு மழை இல்லாம ஆத்துல வெள்ளம். மாடு மேய்க்க மணல் திட்டுக்குப் போறவங்க, ஆத்துக்குள்ள வெள்ளரி போட்டவங்க, இவங்களுக்கெல்லாம் உள்ளூர் மழை அறிக்கையால பிரயோஜனம் இல்ல. குடகுல என்ன நடக்குதுன்னு சொல்ற அந்த தேசிய அறிக்கைதான் இவங்களுக்கான அறிக்கை, அதுவும் சில நாள் முன்கூட்டியே.

கலர், காத்து, இடி

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு அலர்ட் பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. சுருக்கமாச் சொல்றேன். பச்சைன்னா எச்சரிக்கை ஒண்ணும் இல்ல. மஞ்சள்னா கவனிச்சுக்கிட்டே இருங்க. ஆரஞ்சுன்னா தயாரா இருங்க. சிவப்புன்னா இறங்கி வேலையைப் பாருங்க. மழை அளவை மட்டும் வெச்சு இந்தக் கலரைத் தர்றது இல்ல. எவ்வளவு பாதிப்பு வரும், வர்றதுக்கு எவ்வளவு வாய்ப்புன்னு ரெண்டையும் சேர்த்துப் பார்க்குறாங்க. நம்ம பசங்களுக்கு ஆரஞ்சுன்னா கலெக்டர் லீவு விடுவாரா, அவ்வளவுதான். அலர்ட் சனி, ஞாயிறுல வந்தா அவங்களுக்கு உண்மையிலேயே பேரிடர்.

வெப்பநிலையைப் பத்தி ஒரே ஒரு விஷயம். அறிக்கையில வர்ற 39 டிகிரி, வெள்ளைப் பெட்டிக்குள்ள, நிழல்ல, தரையில இருந்து ஏறக்குறைய நாலடி உயரத்துல எடுத்தது. களத்துல கொட்டை கிளறுறவங்க தலை மேல இருக்கிறது அதைவிட அதிகம். சமவெளியில 40 டிகிரியும் தாண்டி, இயல்பைவிட 4.5 டிகிரி கூடினாத்தான் வெப்ப அலைன்னு அறிவிப்பாங்க. அறிவிக்கலைங்கிறதுக்காக மத்தியானம் ரெண்டு மணிக்குக் கொல்லைக்குப் போகலாம்னு அர்த்தம் இல்ல.

இடிதான் முக்கியம். கொட்டை நனைஞ்சா பணம்தான் போகும். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட கணக்குப்படி 2022-ல இந்தியாவுல மின்னல் தாக்கி 2,887 பேர் இறந்திருக்காங்க. இயற்கைச் சீற்றத்துல இறந்தவங்கள்ல மூணுல ஒருத்தருக்கும் மேல. வெள்ளம், வெயில்னு வேற எதுவும் தனியா இந்த அளவுக்கு இல்ல. ஃபெஞ்சல் மாதிரி பேர் வெச்சு வர்றது இல்ல, லைவ் ஓடுறது இல்ல, ஒவ்வொருத்தரா, அவங்கவங்க வயல்ல.

எங்க ஊர்ப் பழக்கம் தெரியும்ல? மழை வந்தா முந்திரி மரத்தடியில ஒதுங்கறது. குடை மாதிரி கவிஞ்சு இருக்கும், சொட்டுகூட விழாது, நானே சின்ன வயசுல அதுக்குள்ள உக்காந்து கதை பேசியிருக்கேன். இடி மின்னலோட வர்ற மழையில அதைச் செய்யவே கூடாது. திறந்த கொல்லையில நிக்கிற மரம்தான் மின்னலுக்கு வழி. மரத்துல இறங்கினது பக்கத்துல நிக்கிறவங்க மேல தாவும், தரை வழியாவும் பரவும். ஓட்டு வீடோ மாடி வீடோ, கதவைச் சாத்திட்டு உள்ள இருக்கணும். கார், பஸ்ஸும் பரவாயில்ல.

தூரத்தைக் கணக்குப் போடலாம். மின்னலைப் பார்த்ததும் எண்ண ஆரம்பிங்க. மூணு எண்ணினா ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள்ள இடி கேட்டா அது 10 கி.மீ.க்குள்ள இருக்கு, அடுத்தது உங்க மேலயே விழலாம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகுற வரைக்கும் வெளிய வராதீங்க. ஃபோன்ல பார்க்கணும்னா, புனே நிறுவனத்தோட "தாமினி" ஆப், உங்களைச் சுத்தி 20, 40 கி.மீ.க்குள்ள மின்னல் விழுதான்னு காட்டும். ஃபோனை எடுத்தா மின்னல் இழுக்கும்னு பயப்படறவங்களுக்கு: கையில இருக்கிற செல்ஃபோன் மின்னலை இழுக்காது. மரத்தடியில நின்னு ஃபோன் பேசறதுல, பிரச்சினை மரத்தடிதான்.

இப்ப நான் எப்படிப் பார்க்குறேன்

வியாழக்கிழமை நாடு தழுவின அறிக்கை. கடல்ல ஏதாவது இருக்கா, மேற்குத் தொடர்ச்சி மலையில பெருமழையா, அவ்வளவுதான் அதுல தேடுவேன். வெள்ளிக்கிழமை சென்னை மையத்தோட அறிக்கை, அரியலூர் மாவட்டத்துக்கு என்ன வார்த்தை போட்டிருக்காங்கன்னு. சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல ரெண்டையும் மூடிட்டு ரேடார். காரைக்கால்ல ஒரு டாப்ளர் ரேடார் இருக்கு. உடையார்பாளையம் அங்க இருந்து நேர்கோட்டுல 70 கி.மீ. சுமாருக்குத்தான், நல்லாவே தெரியும். மாடல் என்ன நடக்கலாம்னு சொல்லுது, ரேடார் இப்ப என்ன நடக்குதுன்னு காட்டுது. ஒரு சிவப்புத் திட்டு பெரம்பலூர் மேல இருந்து கிழக்க நகருதுன்னா, நமக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். இதோட வானிலை மையம் மூணு மணி நேரத்துக்கு ஒரு உடனடி முன்னறிவிப்பும் மாவட்ட வாரியாக் கொடுக்குது.

ஆனா இதெல்லாம் பார்த்தாலும் "வரும்"னோ "வராது"ன்னோ என்னால சொல்ல முடியாது. சித்திக்குத் தேவை "அள்ளவா, வேணாமா?" அப்படிங்கிறதுக்குப் பதில். இதுக்கு ஒரு எளிய கணக்கு இருக்கு. கொட்டையை அள்ளி மூடி, மறுநாள் திரும்பப் பரப்ப ரெண்டு ஆள் கூலி, 600 ரூபாய்னு வெச்சுக்குவோம். நனைஞ்சா 6,000 ரூபாய் நட்டம்னு வெச்சுக்குவோம். 600-ஐ 6,000-ஆல வகுத்தா பத்துல ஒண்ணு. மழை வாய்ப்பு 10 சதவீதத்தைத் தாண்டினாலே அள்ளிடறது லாபம். "ஓரிரு இடங்களில்"ங்கிற வார்த்தை வந்தாலே போதும், அதுக்கு மேல யோசிக்க வேணாம். அதே நாள் அதே அறிக்கையை, கல்யாணத்துக்குத் திறந்தவெளியில பந்தல் போடறவர் வேற மாதிரி படிப்பார். துணி காயப் போடற எங்க அம்மா கண்டுக்கவே மாட்டாங்க. வாய்ப்பு ஒண்ணுதான், ஆளுக்கு ஆள் பதில் வேற. ஆப்ல இருக்கிற சூரியன் படத்துக்கு உங்க களத்துல என்ன காயுதுன்னு தெரியாது.

இந்தக் கணக்கை சித்திகிட்ட ஃபோன்ல விளக்கினேன். பொறுமையாக் கேட்டுட்டு, "இதைத்தானடா உங்க தாத்தா மேக்க பார்த்துட்டே சொல்லுவாரு"ன்னாங்க.

இந்த மே மாசம் ஒரு சனிக்கிழமை, நான் சென்னையில. மூணு மணிக்கு சித்தி கூப்பிட்டாங்க. "தம்பி, லேசா கருக்குது. உன் ரேடாரு என்ன சொல்லுது?" திறந்து பார்த்தேன். பெரம்பலூருக்கு மேற்க, பச்சமலைப் பக்கம், ஒரு திட்டு. நம்ம பக்கம் வருமா, வடக்க ஒதுங்குமான்னு தெரியல. "அள்ளிடுங்க சித்தி"ன்னேன். அள்ளிட்டாங்க. திட்டு வேப்பூர் பக்கம் ஒதுங்கிப் போச்சு, உடையார்பாளையத்துல ஒரு சொட்டு விழல. ராத்திரி மறுபடி ஃபோன். "ரெண்டு ஆளு கூலி போச்சுடா. உன் கணக்குல அதை எழுதிக்க."

எழுதிக்கிட்டேன். மறுநாள் ஞாயித்துக்கிழமை காலையில திரும்பப் பரப்பினாங்க, மத்தியானம் மறுபடி கூப்பிட்டாங்க.

அடுத்த எபிசோட்ல காரைக்கால் ரேடார் படத்தைத் திரையில போட்டு, எந்தக் கலர் என்ன, நகர்ற திசையை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு பார்ப்போம். உங்க ஊர்ல மழை எந்தப் பக்கம் கருத்தா வரும்னு எழுதி அனுப்புங்க. வர்றேன் மக்களே.